வீடு கேட்க ஒரு பியானோ

காவலூரில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் காலை நேரத்தில் சத்தம் போடக் கூடாது. எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் எல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியோடு விழித்திருந்தவர்கள் பொழுது விடிந்த பிறகுதான் வந்து படுப்பார்கள். ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டியிருக்கும். பொழுது சாய்ந்தால் வேறொரு கட்டுப்பாடு வரும்: வெளிவிளக்கு எரியக் கூடாது, ஜன்னல் வழியே வெளிச்சம் கசியக் கூடாது. பகலில் சத்தத்துக்கும் இரவில் வெளிச்சத்துக்கும் அஞ்சி வாழ்ந்த அந்த வரிசைக்குத்தான் 1987-ல் அப்பா ஒரு பியானோவைக் கொண்டுவந்து இறக்கினார்.

அப்போது காவலூர் இருக்கும் ஜவ்வாது மலை பெரும்பாலும் வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டம் பிரிந்தது, 2019-ல் மறுபடியும் பிரிந்தது. இன்று காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்களுக்கு நடுவே இருக்கிறது வானாய்வகம். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஊர் வெளிச்சம் படாத வானம் அவருக்கு வேண்டியிருந்தது. 1972-ல் ஜெய்ஸ் கம்பெனியின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதன் பிறகு நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து தொடங்கிவைத்தார். 1982-ல் காலமாகிவிட்ட பாப்புவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அப்பா அங்கே இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தார். தொலைநோக்கியை மூடியிருக்கும் டோம் சுழல்வதும் திறப்பதும் மூடுவதும் அவர் போன்றவர்களின் கைவேலை.

பியானோ ஆசை அம்மாவுடையது. அம்மா பாளையங்கோட்டைக்காரி. ஊசிக்கோபுரத்துக் கோயில் பாடகர் குழுவில் சிறுவயதிலிருந்து பாடியவள். படித்த பள்ளிக்கூடத்து ஹாலில் இருந்த பியானோவில் கை பழகியவள். கல்யாணமாகி மலைக்கு வரும்போது தாத்தா கொடுத்தனுப்பியது கால் ஆர்மோனியம். நான் பிறப்பதற்குள் அதன் துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது. மலையில் அதை ஒட்டித் தர ஆள் இல்லை. "இன்னொரு ஆர்மோனியம் வாங்கித் தரட்டுமா?" என்று அப்பா கேட்டாராம். "வாங்கறதுன்னா பியானோவே வாங்குங்க, இல்லேன்னா வேண்டாம்" என்று அம்மா சொன்னாளாம். அம்மா அப்பாவிடம் தனக்கென்று கேட்ட பெரிய பொருள் அது ஒன்றுதான். அப்பா பி.எஃப். கடன் போட்டார்.

இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாத ஒன்று, அன்றைக்குக் கையில் பணம் இருந்தாலும் புதுப் பியானோ வாங்குவது லேசில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் கனத்த சுங்க வரியும் இருந்த காலம். நாட்டில் புழங்கியவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, மிஷனரி பங்களாக்களிலும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்களிலும் பழைய சீமாட்டிகளின் கூடங்களிலும் நின்றவை. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 1842-ல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி, பிறகு மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறிய கடைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா அங்கே நின்ற கருவிகளை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். வாசித்தது போதும், வாங்கும் விலை இல்லை என்று இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். ஆனால் அந்தப் பயணம் வீண் போகவில்லை. பழைய பியானோக்களைச் செப்பனிட்டுச் சுருதி சேர்க்கும் பெரியவர் ஒருவரின் அறிமுகம் அப்போது கிடைத்தது. அவர் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு நல்ல பியானோ வந்திருக்காது.

முதலில் பெரம்பூரில் ஒன்று பார்த்தார்கள். மேலே பாலிஷ் பளபளத்தது, விலை குறைவு. பெரியவர் முன்பலகையைக் கழற்றினார். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் சட்டம் முழு இரும்பில் இல்லை, மேல்பாதி மரம். பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 முதல் 20 டன் வரை வரும். அந்த இழுப்பை நூறு வருஷம் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். இதில் மரம் ஏற்கெனவே வளைந்துகொடுத்திருந்தது. சுருதியை முழுசாக ஏற்றினால் கம்பி அறும், இல்லாவிட்டால் சட்டம் பிளக்கும். அவர் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிறகு கிடைத்தது எங்கள் மலையடிவாரத்திலேயே, ஜோலார்பேட்டையில். ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த ஊர் அது. டிரைவர்களும் கார்டுகளும் இருந்த வீடுகளில் மாலையானால் பாட்டும் நடனமுமாக இருக்கும் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியும் விமானமேறியும் போய்க்கொண்டிருந்தார்கள். மகனிடம் போகவிருந்த ஒரு வயதான அம்மையார் வீட்டில் நின்றது லண்டன் சாப்பல் கம்பெனிப் பியானோ. நிமிர்ந்து நிற்கும் வகை. முகப்பில் மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைத் தாங்கிகள். கட்டைகள் 88 இல்லை, 85 தான். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பியானோக்கள் பல அப்படித்தான் வந்தன. மேல் கோடியில் மூன்று கட்டை குறைவு, அம்மா வாழ்நாளில் ஒருதடவைகூட அவற்றைத் தேடவில்லை.

பெரியவர் சோதித்த விதம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. பழைய பியானோ வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பதால் சொல்கிறேன். உட்கார்ந்து பாட்டு வாசிக்கவில்லை. இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, மிக மெதுவாக அழுத்தி, மெதுவாக விட்டார். எது திரும்பி எழத் தயங்குகிறது, எது பக்கத்துக் கட்டையோடு உரசுகிறது என்று பார்த்தார். பிறகு முன்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். சுருதி முளைகள் இறங்கியிருக்கும் மரக்கட்டைதான் பியானோவின் உயிர். கம்பியைச் சுற்றிய முளையைச் சாவி போட்டு அரை மயிரிழை திருப்பினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தால் அந்தப் பியானோவை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது. இது நின்றது. பின்பக்கம் ஸ்புரூஸ் மரத்தில் செய்த நாதப் பலகையில் விரிசல் உண்டா, கரையான் ஏறிய மண்கோடு உண்டா என்று தடவிப் பார்த்தார். சுத்தியல்களின் ஃபெல்ட்டில் அந்துப் பூச்சி அரித்த குழிகள் கொஞ்சம் இருந்தன. "இது சரி பண்ணிடலாம், சார்" என்றார். வெப்ப நாடுகளுக்கு அனுப்புவதற்காகவே செய்த கருவி அது, உள்ளே ஆணிகளெல்லாம் பித்தளை.

விலை பேசும்போது அந்த அம்மையார் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். "நீ வாசிம்மா" என்றார். அம்மா ஒரு கீர்த்தனை வாசித்தாள். அம்மையார் தான் சொல்லியிருந்த விலையில் பெரிதாகக் குறைக்கவில்லை, ஆனால் ஸ்டூலையும் ஒரு கட்டு இசைத்தாள் புத்தகங்களையும் சேர்த்துக் கொடுத்தார். "துணி போட்டு மூடி, மேலே ஃபோட்டோ வைக்கக் கூடாது. அப்படின்னா இங்கேயே இருக்கட்டும்" என்றார். அம்மா அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். அவள் இருந்தவரை அதன் மேல் எதுவும் வைத்ததில்லை.

கால் டன்னுக்குக் குறையாத எடை. ஜோலார்பேட்டையிலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகப் பயணம். டெம்போவில் வைக்கோல் மெத்தை போட்டு, முதுகுப்புறம் கேபினைத் தொட நிறுத்தி, இருபுறமும் கயிறு இழுத்துக் கட்டினார்கள். சுத்தியல்கள் அடங்கிய உள்பாகத்தைப் பெரியவர் தனியே கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மலை வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. காவலூரில் இறக்கிவைக்கப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் மூங்கில் கம்புகளோடு வந்தார்கள். "இன்னா சார் இது, உள்ள இரும்பா கீது?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், இரும்பும் மரமும் கம்பளியும் என்று அப்பா விளக்கினார். மூடியைத் திறந்து அவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு கட்டை அழுத்தச் சொன்னார். அன்று கூலியைவிட அதுதான் அவர்களுக்குப் பிடித்தது என்று அம்மா சொல்வாள்.

உடனே சுருதி சேர்க்கவில்லை. இடம் மாறிய மரம் புதுக் காற்றுக்குப் பழக வேண்டும், சில வாரம் போகட்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அந்தக் காற்றுதான் பிறகு எங்கள் வீட்டின் தினசரிப் பேச்சானது.

தொலைநோக்கி வேலையில் ஈரப்பதம் பெரிய விஷயம். காற்றில் ஈரம் ஏறினால் கண்ணாடியில் பனி படியும், டோமை மூடிவிட வேண்டும். அப்பாவுக்கு ஈரப்பதமானியைப் பார்ப்பது மூச்சு விடுவது மாதிரிப் பழக்கம். வீட்டிலும் பியானோவுக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினார். நாதப் பலகை ஈரம் குடித்தால் உப்பும். உப்பினால் அதன் மேல் அமர்ந்த கம்பிகள் இறுகும், நடு ஸ்தாயியில் சுருதி ஏறும். கோடையில் பலகை காய்ந்து சுருங்கினால் சுருதி இறங்கும். ஈரம் ஏறஏறக் கட்டைகளும் பருத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அழுத்தினால் போனது போனபடியே இருக்கும். இதற்கு இந்தியா முழுக்கப் பழைய பியானோக்காரர்கள் கண்ட வைத்தியம் அடிப்பெட்டிக்குள் சின்ன வாட் பல்பு ஒன்றை எரியவிடுவது. அப்பா அப்படி ஒன்று போட்டு, ஜூன் மாதம் தொடங்கி டிசம்பர் வரை எரியவிட்டார். அந்துப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டாள் அம்மா. மின்சாரம் போகிற ராத்திரிகளில் இருவரும் பல்பைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

ஜனவரி முதல் மே வரை காவலூர் வானம் தெளிவாக இருக்கும். காற்று உலர்ந்திருக்கும். பியானோ நன்றாக இருக்கும் மாதங்களும் அவையே. ஆனால் அந்த மாதங்களில்தான் அப்பாவுக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்க வேண்டும், அக்கம்பக்கத்தாரும் தூங்குவார்கள். அம்மா சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டு வாசிப்பாள். அப்பா டார்ச்சையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு படியிறங்குகிற நேரம் அது. தூரத்தில் டோம் திறக்கும் ஓசை கேட்கும். மழைக்காலத்தில் மேகம் கவிந்து டோம் மூடியே கிடக்கும். அப்பா வாரக்கணக்கில் இரவில் வீட்டில் இருப்பார், கேட்க ஆசையாக உட்காருவார். அப்போது பியானோ நோய்ப்பட்டிருக்கும். கடன் போட்டு வாங்கிய மனிதர் அதை நல்ல சுருதியில் கேட்ட இரவுகள் குறைவு. தெளிந்த பருவத்தில் எப்போதாவது மேகம் வந்து வேலை நின்றுபோனால், சக ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள். அப்பா வேகமாக வீட்டுக்கு நடந்து வருவார்.

பெரியவர் வருஷம் இரண்டு முறை வருவதாக ஏற்பாடு. வாணியம்பாடியில் ரயில் இறங்கி, ஆலங்காயம் பஸ் பிடித்து, மறுபடி மலை பஸ் ஏறி வருவார். தோல்பையில் சுருதிச் சாவி, இசைக்கவை, ஃபெல்ட் ஆப்புகள். நடு ஸ்தாயியிலும் மேலும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பிகள் இருக்கும். இரண்டை ஃபெல்ட்டால் அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் இசைக்கவையோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு மற்ற இரண்டையும் அதனோடு சேர்ப்பார். சேராத இரு கம்பிகள் ஒலிக்கும்போது 'வவ்... வவ்...' என்று ஒலி ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் வருகிற விம்மல்கள் அவைதான். சுருதி நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகி, ஒரு கணத்தில் அடங்கும். அப்பா தூக்கத்தைத் தியாகம் செய்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் பஞ்சமங்களைச் சேர்க்கும்போது பெரியவர் விம்மலை முழுக்க அடக்க மாட்டார், இத்தனூண்டு மிச்சம் வைப்பார். எல்லாப் பஞ்சமத்தையும் சுத்தமாகச் சேர்த்தால் 12 ஸ்வரமும் சுற்றி வரும்போது கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் காதால் செய்கிறார் என்று அப்பா வியந்துபோவார். ஒரு முழு நாள் பிடிக்கும் வேலை. அன்று எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு.

அம்மா வாசித்தது பெரும்பாலும் கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும். சாயங்காலத்தில் கொஞ்சம் ஷூமானும் பாக்கும். பியானோவில் கமகம் வராது. விரல் பட்ட ஸ்வரம் பட்ட இடத்தில் நிற்கும், வளையாது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கிவைத்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அம்மா அதற்காக வருந்தியதில்லை. வளைவதையெல்லாம் குரலுக்கு விட்டுவிட்டு, கீழே ஆதாரமாக நிற்கிற ஸ்வரங்களை மட்டும் கைக்குக் கொடுத்தாள். குரலும் கையும் வெவ்வேறு வேலை செய்து ஓரிடத்தில் வந்து சேருவதை நான் வேறெங்கும் அத்தனை நெருக்கத்தில் கேட்டதில்லை.

கேட்டது நாங்கள் மட்டுமில்லை. பால் கொண்டுவரும் அக்கா, சாமையும் தேனும் விற்க வருகிற மலைக் கிராமத்துப் பெண்கள், நேரமானாலும் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். "எம்மா, நேத்து போட்டியே, அந்தப் பாட்டப் போடும்மா" என்பார்கள். எந்தப் பாட்டு என்று அவர்கள் ராகம் இழுத்துக் காட்டுவார்கள், அம்மா கண்டுபிடித்து வாசிப்பாள். பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் ஜன்னலோரம் நின்று நின்று, ஒருநாள் உள்ளே வந்து, ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டை ஒற்றை விரலால் வாசித்துக் காட்டினான். அம்மா அவனை ஸ்டூலில் உட்காரவைத்து ஐந்து விரலையும் பழக்கினாள். இன்று அவர் திருப்பத்தூர்ப் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறார். யாரும் அவருக்கு இசை கற்றுக்கொடுக்கத் திட்டமிடவில்லை. சத்தம் ஜன்னலுக்கு வெளியே போனது, அவ்வளவுதான் நடந்தது.

அப்பா ஓய்வு பெற்று ஆலங்காயத்தில் வீடு கட்டியபோது பியானோவும் கீழே இறங்கியது. அம்மா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. தம்பிக்கு ஜமுனாமரத்தூரில் அரசு வேலை, அங்கேயே வாடகை வீடு. அவன் மகள் நாலாம் வகுப்பு. பாட்டியைப் போல வாசிக்க வேண்டும் என்கிறாள். வாத்தியார் சென்னையில், பாடம் மொபைல் திரையில். சிக்னல் கிடைக்கிற மூலையில் பாடம் நடக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா காலத்தில் இந்த மலையில் ஒரு குழந்தை பியானோ கற்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

பழைய சாப்பலையே மேலே கொண்டுபோகலாமா என்று முதலில் பார்த்தோம். பெரியவர் இப்போது இல்லை. சென்னையிலிருந்து வந்த வேறொருவர் பலகையைக் கழற்றிப் பார்த்து, சுருதி முளை பிடிக்கும் மரம் தளர்ந்துவிட்டது என்றார். அந்த மரத்தை மாற்றி, கம்பிகள் புதிதாகப் போட்டு, சுத்தியல் ஃபெல்ட் மாற்றுவதற்குச் சொன்ன தொகை, புதிய டிஜிட்டல் பியானோ ஒன்றின் விலையைவிட மிக அதிகம். புதிதாக நிமிர்பியானோவே வாங்குவதென்றால் சில லட்சங்கள், அதற்கும் மலைக்குச் சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். மெட்ராஸிலேயே அந்தக் கை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே டிஜிட்டல் என்று முடிவானது. சரியான முடிவுதான்.

தம்பி முதலில் மொபைலிலேயே ஆர்டர் போடப் பார்த்தான். 61 கட்டை, பத்தாயிரத்துக்குள், நூற்றுக்கணக்கான ஓசைகள், தானாகத் தாளம் போடும். நான் தடுத்தேன். அப்பா படியேறி இறங்கிய அதே அண்ணா சாலைக் கடைக்குப் போவோம், குழந்தை தொட்டுப் பார்த்து எடுக்கட்டும் என்றேன். கட்டைக்கு எடை உள்ளதா என்பதுதான் முதல் கேள்வி. பியானோவில் விரல் எழுப்புவது சுத்தியலை, அது எழும் கனம் விரலுக்குத் தெரிய வேண்டும். நல்ல டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது, ஆனால் கட்டைக்குப் பின்னால் சின்னச் சுத்தியல் எடைகள் உண்டு. இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் அமைத்திருப்பார்கள். மெதுவாக அழுத்தினால் மெதுவாக, ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஒலிக்கும். எடையில்லாத கட்டையில் பழகிய குழந்தை பின்னால் உண்மையான பியானோ முன் உட்கார்ந்தால் விரல் ஓடாது. எனவே 88 கட்டை, எடையுள்ளது, மிதிகட்டை ஒன்று, ஆடாத ஸ்டாண்ட், உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல். எல்லாம் சேர்த்து 40,000 முதல் 50,000 ரூபாய்க்குள் வந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் மொபைல் விலை அது.

அப்பா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவதற்கே வழி அடைத்திருந்தது. இன்றைக்கு யமஹா கம்பெனியின் கீபோர்டுகள் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலையிலேயே தயாராகின்றன. 2019-லிருந்து நடக்கிறது. கால் டன் பியானோவுக்கு மூங்கில் கம்போடு ஊரே வந்தது. இது பன்னிரண்டு கிலோகூட இல்லை. காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, வேலூர், போளூர் வழியாக மலையேறி, ஜமுனாமரத்தூரில் தம்பி ஒருவனே இறக்கிவைத்தான். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. சுருதி கலையாது. மழைக்காலத்திலும் கட்டை பிடிக்காது. ஸ்டெபிலைசர் ஒன்று மட்டும் போட்டிருக்கிறோம், மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்.

அந்தக் கருவியோடு சேர்த்துத் தம்பி ஒரு நல்ல ஹெட்போனும் வாங்கினான். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம், தன் மனைவி வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறாள், குழந்தைக்கும் கூச்சமில்லாமல் பழக வசதி என்றான். காரணங்கள் எல்லாம் நியாயம்தான். இப்போது குழந்தை தினமும் பழகுகிறாள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது கட்டைகள் தாழ்ந்து எழும் 'தடக் தடக்' மட்டும். அவள் அம்மா சமைக்கிறாள், அப்பன் மொபைல் பார்க்கிறான், நடுவில் குழந்தை முழு பாக் கீதத்தை யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

எண்பது தாண்டிய அப்பா சில நாள் தங்கிவிட்டு வரலாம் என்று ஜமுனாமரத்தூர் போனார். இனி அவருக்கு இரவு வேலை இல்லை, மூட வேண்டிய டோம் இல்லை, ஈரப்பதம் பார்க்க வேண்டியதில்லை. சுருதி கலையாத பியானோ எதிரே இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 'தடக் தடக்'கைக் கேட்டிருக்கிறார். நான் போயிருந்த அன்று மெல்ல அவளைத் தொட்டு, "என்னடா வாசிக்கிற?" என்றார். அவள் ஒரு காதை மட்டும் விலக்கி, "பாடம் தாத்தா" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் மரியாதையில்லாத பெண் இல்லை. தான் வாசிப்பது வேறு யாராவது கேட்பதற்கும் உரியது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, காட்டவும் இல்லை.

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இனிமே தாத்தா இருக்கறப்போ இது வேண்டாம்மா" என்றேன். "தப்பா வாசிச்சா எல்லாருக்கும் கேக்குமே, அத்தை?" என்றாள். கேட்கட்டும் என்றேன். உன் பாட்டி தப்பாக வாசித்ததையும் ஊரே கேட்டது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பால்கார அக்கா அடுத்த நாள் திருத்திப் பாடியும் காட்டியிருக்கிறாள் என்று சொன்னேன். முதலில் தயங்கினாள். பிறகு தொடங்கினாள். ஒலி சின்ன ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. சாப்பலின் நாதப் பலகை முழுக்க அதிர்ந்து எழும் ஒலியோடு இதை ஒப்பிட முடியாது. கீழ் ஸ்தாயியில் ஆழம் குறைவு. ஆனால் சுருதி சுத்தம், விரலும் அம்மாவின் விரல்தான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா தலையாட்டாமல், அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பல் ஆலங்காயம் வீட்டில் இருக்கிறது. விற்கக் கேட்டு ஆள் வந்தார்கள், ஹோட்டல் வரவேற்பறையில் அழகுக்கு வைப்பார்களாம். கொடுக்கவில்லை. நடு ஸ்தாயியில் பாதிக் கட்டைகள் இன்னும் ஒலிக்கின்றன. தம்பியும் நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துச் சுருதி முளை மரத்தை மாற்றப் போகிறோம். செலவு கணக்குக்கு ஒத்துவராது என்று தெரிந்தேதான் செய்கிறோம். அந்தக் கருவிக்கு நாங்கள் பட்ட கடன் பி.எஃப். கடனோடு தீரவில்லை.

வீட்டுக்கு முதல் பியானோ வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். பழையது கிடைத்தால், உங்கள் ஊருக்கு வந்துபோகச் சம்மதிக்கிற சுருதிக்காரர் ஒருவரை முதலில் தேடுங்கள், அவர் கிடைத்த பிறகு பியானோவைப் பாருங்கள். அவர் இல்லையென்றால், மலையோ கடற்கரையோ ஈரம் மிகுந்த ஊர்களில் எடையுள்ள கட்டை கொண்ட டிஜிட்டலே மேல். தயங்காமல் வாங்குங்கள். அதை உள்ளறையில் வைக்காதீர்கள், கூடத்தில் வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஹெட்போனைச் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த ஒன்றை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.